கமலாத்தாள் தலைக்கு மேலே

என் நாத்தனார் கமலாத்தாள் சோறு தின்பதுகூட நடந்துகொண்டேதான். வட்டிலைக் கையில் ஏந்தியபடி மாட்டுக் கொட்டகை வரைக்கும் போவாள், கன்றுக்குட்டியிடம் ஏதாவது பேசுவாள், திரும்பி வந்து குழம்பு ஊற்றிக்கொண்டு மறுபடியும் கிளம்புவாள். எலப்புள்ளிக்கு நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் இந்தப் பெண்ணுக்கு ஏதோ நோவு என்றே நினைத்தேன். "சித்த உக்கோரு புள்ள, எனக்குத் தலை சுத்துது" என்று கத்துவேன். "சுத்தறது உங்க தலை, உக்கோர்றது நானுங்களா" என்பாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவோம். அவள் "நங்கெ" என்று கூப்பிட்டு நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் வேறு இடத்தில் இருப்பாள்.

மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் நான், என் வீட்டுக்காரர் நஞ்சப்பன், இவள், மூன்று பேர். வயலுக்கு ஆள் பிடிப்பது முதல் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போடுவது வரைக்கும் கமலாத்தாள்தான். என் வீட்டுக்காரர் சாது. யாராவது அவர் வரப்பை வெட்டினால், வெட்டுகிறவனுக்குக் கை வலிக்குமே என்று கவலைப்படுகிற ரகம்.

கமலாத்தாளுக்கு இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய வயது. ஒரு வரன் நட்சத்திரம் சேரவில்லை என்று போனது. இன்னொருவர் இவள் சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். சைக்கிளில் போகாமல் தென்னை மட்டையிலா போவாள்? நான் அந்த ஆளை வைத வசவை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் மாரப்பன் வந்தான். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் கமலாத்தாள் ரசம் ஊற்றிக்கொண்டு ஓடினாள். "ஏனுங்க, நீங்க ஓடற ஓட்டத்துக்கு ரசம் எலைக்கு வராதுங்க, எம்மேலதான் வரும்" என்று ஒருவன் சொன்னான். "அப்ப எலையத் தூக்கி மடியில வெச்சுக்குங்க" என்றாள் இவள். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து இலைக்காரருக்குப் புரை ஏறியது. விசாரித்தால் நம் சனம்தான், மறையூரில் கரும்புக் காடும் வெல்லம் காய்ச்சுகிற ஆலையும் வைத்திருக்கிற குடும்பம். திரும்பி வருகிற பஸ்ஸில் இவள் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன் காளிச்சாமி மாட்டு வியாபாரம் செய்கிறவர், மறையூர் வரைக்கும் போய் வருவார். அவரே நடுவில் நின்று பேசினார். பையனுக்குச் சம்மதம். பையனின் அம்மா சரஸ்வதியம்மாளுக்கு மூட்டுவலி, மலை இறங்கி வர முடியாது. முதலில் ஒரு போட்டோ அனுப்புங்கள், முகம் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கேதான் வினை வந்தது. இவள் ஸ்டுடியோவுக்குள் உட்கார மாட்டேன் என்றாள். விளக்குச் சூடு, மூச்சு முட்டுகிறது, பின்னால் தொங்குகிற தாஜ்மகால் திரை பிடிக்கவில்லை, ஆயிரம் சாக்கு. அந்த வாரம் நாங்கள் என் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. நெம்மாறைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் என் அப்பா ஒரு பாக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தோப்பில் வைத்தே எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோக்காரர் சென்னியப்பன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. "ஆடாதீங்கம்மிணி, ஆடாதீங்கம்மிணி" என்று கெஞ்சிக் கெஞ்சி அவருக்குத் தொண்டை கட்டியது. எடுத்த படமெல்லாம் கலங்கல். ஒன்றே ஒன்று தெளிவாக விழுந்தது.

அந்தப் படத்தில் இவள் அத்தனை அழகு. பட்டுச் சேலை, பின்னால் பாக்கு மரங்கள், ஏதோ சொல்லப்போகிற மாதிரி உதடு. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். முகத்தைத்தான் பார்த்தோம். காளிச்சாமியிடம் கொடுத்தனுப்பினோம்.

காளிச்சாமி திரும்பி வந்தபோது படத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"பொண்ணு லச்சணம்னுதான் சொன்னாங்க அந்தம்மா. ஆனா தலைக்கு மேல பல்லி விழுந்துட்டு இருக்குது, இதைப் பாக்காமயா படத்தக் குடுத்து உட்டாங்கன்னு கேட்டுட்டாங்க."

பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். கமலாத்தாளின் வகிட்டுக்கு மேலே, மரத்தை விட்டு விலகி, அந்தரத்தில் ஒரு சிறு உருவம். நெல்லைவிடக் கொஞ்சம் பெரிது. நான்கு கால், ஒரு வால். தலை கீழ்நோக்கி, நேராக அவள் உச்சிக்கு இறங்குகிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர், பிரிண்ட் போடும்போது விழுந்த அழுக்கு என்றார். அழுக்குக்கு வால் இருக்குமா?

வீட்டுக்கு வீடு பஞ்சாங்கம் இருக்கிறது. அதில் பல்லி விழும் பலன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. தலையில் விழுந்தால் கலகம், உச்சியில் விழுந்தால் சாவு. சரஸ்வதியம்மாள் அந்தப் பக்கத்தை விரித்துக் காளிச்சாமிக்குப் படித்தே காட்டியிருக்கிறார்.

"அது பல்லின்னு அவங்களுக்கு யாரு சொன்னது?" என்று கமலாத்தாள் கேட்டாள்.

காளிச்சாமி தலையைச் சொறிந்தார். "என்ன இதுன்னு கேட்டாங்க. பல்லியாட்ட இருக்குதுங்கன்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தண்ணீர்ச் சொம்பை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். இவருக்கு மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரியும், வேறு எந்தச் சீவனையும் அடையாளம் தெரியாது. சின்னதாக வால் வைத்து ஊர்ந்தால் எல்லாம் பல்லி. வாயை மூடிக்கொண்டு, தெரியவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இதில் என் அப்பாவின் தோப்புக்கும் கெட்ட பெயர். பல்லி விழுகிற தோப்பில் நிறுத்திப் படம் எடுத்தது யார் என்றால் நான்தானே.

காளிச்சாமியே ஒரு வழியும் சொன்னார். காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி இருக்கிறது, அதைத் தொட்டுக் கும்பிட்டவர்களுக்குப் பல்லி தோஷம் கிடையாது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்த் தொட வைத்துவிட்டால் சரஸ்வதியம்மாளும் மறுபேச்சுப் பேச மாட்டார். என் வீட்டுக்காரர் உடனே ரயிலைப் பற்றி விசாரிக்க எழுந்துவிட்டார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"நான் வர்லீங்க" என்றாள் கமலாத்தாள்.

"ஏம்புள்ள, கோயிலுக்குப் போறதுல உனக்கு என்ன கேடு?"

"கோயிலுக்குப் போலாமுங்க. பரிகாரத்துக்கு எதுக்குப் போகோணும்? எம்மேல ஒண்ணும் விழுகலயே. போயிட்டு வந்தா, விழுந்தது நெசம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்பறம் அந்த ஊட்டுல மாடு செத்தாலும் பாகு தீஞ்சாலும், அன்னிக்கே பல்லி சொல்லுச்சேன்னு என்னையத்தான் பாப்பாங்க. நான் அந்த ஊட்டுக்குப் போகோணும் நங்கெ. இப்படித் தலைய குனிஞ்சுட்டுப் போக மாட்டேன்."

அவள் போகவேண்டும் என்று சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. அதற்குமேல் நான் காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசவில்லை. அது பல்லி இல்லை என்று யாராவது சொல்லவேண்டும், சொல்வதைச் சரஸ்வதியம்மாள் நம்பவேண்டும். வேறு வழி இல்லை.

முதலில் சென்னியப்பனிடம் போனோம். அவர் பாவம், படத்தைப் பார்த்துவிட்டு நடுங்கிப்போனார். நெகடிவில் பென்சிலால் தொட்டு அந்த உருவத்தையே இல்லாமல் செய்துவிடுவதாகவும், புதுப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதாகவும் சொன்னார். முகத்தில் இருக்கிற அம்மைத் தழும்பையே எடுத்துவிடுகிறவர், நெல்லளவு உருவத்தை எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"எடுத்தா மறைச்ச மாதிரி ஆயிருமுங்க. அதைப் பெருசாக்கிக் குடுங்க" என்றாள் இவள்.

பெரிதாக்குகிற தாள் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். முகூர்த்தக் காலம், சென்னியப்பன் கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்துகொண்டிருந்தார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் இவள் சும்மாதான் நடப்பாள். இப்போது படத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தாள். எங்கள் வீட்டில் இருந்த பல்லி ஒவ்வொன்றையும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். "நங்கெ, பல்லிக்கு வெரல் நுனி உருண்டையா இருக்குதுங்க, இதுக்கு இல்லை" என்பாள். நெல்லளவு உருவத்தில் விரல் எங்கே தெரியும்? ஆசையில் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். உப்புப் போட மறந்த குழம்பு, இரண்டு தடவை உப்புப் போட்ட குழம்பு, இரண்டையும் நாங்கள் சத்தமில்லாமல் தின்றோம். அவள் நிற்காமல் நடந்ததில் எனக்கும் தூக்கம் பிடிக்காமல் போயிற்று. படுத்தால் உத்தரத்தைப் பார்க்கிறேன், ஏதாவது விழுமோ என்று.

என் அப்பாவையும் கேட்டுப் பார்த்தோம். தோப்பில் ஒடக்கான் மரத்துக்கு மரம் தாவும், பறக்கும் என்றுகூட மரம் ஏறுகிறவர்கள் சொல்வார்கள், நான் எங்கே அண்ணாந்து பார்த்தேன் என்றார். எங்கள் ஊரில் ஓணானைத்தான் ஒடக்கான் என்போம். ஒடக்கான் பறந்து யார் பார்த்தது? தவிர, பெண் வீட்டுச் சம்பந்தி சொன்னால் மாப்பிள்ளை வீட்டில் நம்புவார்களா? தோப்புக் குத்தகையே அவருடையது.

பெரிய படம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது. இப்போது அந்த உருவம் விரல் நீளம் இருந்தது. தொண்டையின் கீழே வெள்ளையாக என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விலாவிலும் சாம்பலாக ஏதோ விரிந்திருந்தது. என் வீட்டுக்காரர், பல்லிக்கு எங்காவது இறக்கை முளைக்குமா என்று என்னைக் கேட்டார். நான் எழுந்து போய்ச் சாமிக்கு விளக்குப் போட்டேன்.

சென்னியப்பனுக்கு ஒருவரைத் தெரிந்திருந்தது. பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற மலையாளத்து டீச்சர். தவளை, பூச்சி என்று படம் எடுத்து இவரிடம்தான் கழுவக் கொடுப்பாராம். நானும் கமலாத்தாளும் பஸ் ஏறினோம். முதல் தடவை போனபோது டீச்சர் திருச்சூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் இவள் நடந்த நடையைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மாள் எங்களைக் கடன்காரர்கள் என்று நினைத்துவிட்டார். மறுவாரம் போனோம்.

டீச்சர் குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காத முகமாக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் என்றதும் சிரித்துவிடுவார் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போட்டோ மாத்ரம் கண்டிட்டு உறப்பிச்சுப் பறயான் பாடாணு" என்றார். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கஷ்டமாம். கமலாத்தாள் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"இரிக்கூ குட்டீ" என்று அவளை உட்காரச் சொன்னார் டீச்சர். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த இடம், என்ன மரம், மலை எவ்வளவு பக்கம், வெயில் இருந்ததா, பொழுது என்ன? நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். பாக்குத் தோப்பு, நெம்மாறை மலையடிவாரம், நல்ல வெயில் என்றதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து ஒரு படத்தைத் திறந்து, எங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவர் மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். பல்லியின் விரல் நுனி அகலமாக இருக்கும், இதற்கு மெலிந்த விரல். வால் உடம்பைவிட நீளம், சாட்டை மாதிரி. விலாவில் விரிந்திருப்பது தோல். விலா எலும்புகளே நீண்டு அந்தத் தோலைக் குடை போலத் தாங்கும், அதுதான் அந்தக் கோடுகள். தொண்டையில் நீட்டியிருப்பது ஒரு மடிப்பு, ஆணுக்குத்தான் இவ்வளவு நீளம். மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகிற ஜாதி. அதோடு, இது கமலாத்தாள் தலைக்கு மேலேயே இல்லை. இதன் நிழல் பின்னால் இருக்கிற மரத்தில் விழுந்திருப்பதைப் பாருங்கள், அவளுக்குப் பின்னால் இரண்டு மரங்களுக்கு நடுவில் போகிறது. படத்தில் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டதால் தலைக்கு மேலே தெரிகிறது.

"அப்ப விழுகலீங்களா?" என்று கமலாத்தாள் கேட்டாள்.

"வீழுகயல்ல. பறக்குகயாணு." விழவில்லையாம், பறக்கிறதாம்.

படத்தின் பின்பக்கத்தில், இது பறக்கும் ஓந்து, பல்லி அல்ல என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நம் ஒடக்கானுக்குத்தான் மலையாளத்தில் ஓந்து என்று பேர். வெளியே வந்ததும் இவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. வீடு வரைக்கும், வீழுகயல்ல பறக்குகயாணு, வீழுகயல்ல பறக்குகயாணு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரே குஷி எனக்கும். காளிச்சாமி மட்டும், ஓந்து என்ற வார்த்தையை அங்கே எடுக்காதீர்கள், ஓந்து தூரத்திலிருந்தே ரத்தத்தை உறிஞ்சும் என்று மலையாளத்தார் சொல்வார்கள், அந்தம்மாவுக்கு அதுவும் தெரிந்திருக்கும், ஒடக்கான் என்றே சொல்லுங்கள் என்று எச்சரித்தார். அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே உபயோகமான பேச்சு.

படத்தை அவரிடமே கொடுத்தனுப்பலாம் என்றேன். கமலாத்தாள் கேட்கவில்லை. தானே வருவேன் என்றாள். நிச்சயம்கூட ஆகாமல் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுகிற வழக்கம் எங்கள் சனத்தில் இல்லை. அதைச் சொல்லிக் கத்தினேன். "மறுக்கா ஒருத்தர் போயி மறுக்கா ஒண்ணு ஒளறீட்டு வர்றதுக்கா?" என்று கேட்டாள். காளிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாராவது கேட்டால் வெல்லம் வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்வதாக முடிவாயிற்று.

நானும் அவளும் என் வீட்டுக்காரரும் போனோம். எமர்ஜென்சி நேரம், பஸ்ஸெல்லாம் மணிக்குச் சரியாக வந்தன. உடுமலையில் மாறி, சின்னாறு காட்டைத் தாண்டி மறையூரில் இறங்கினால் காற்றெல்லாம் கரும்புப்பால் காய்கிற வாசனை. இவள் நெற்றி வியர்த்திருந்தது. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். தட்டிவிடவில்லை.

சரஸ்வதியம்மாளை நான் மனதில் ஒரு ராட்சசியாக வரைந்து வைத்திருந்தேன். அவர் அப்படி இல்லை. வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் திகைத்தாலும், முகம் சுளிக்காமல் உட்காரச் சொல்லி, சுடச்சுட உருண்டை வெல்லமும் மோரும் கொடுத்தார். மாரப்பன் ஆலையிலிருந்து ஓடி வந்தான். கையெல்லாம் பாகு. இவளைப் பார்த்ததும் அந்தப் பந்தியில் சிரித்த முகம்தான். எனக்கே மனசு குளிர்ந்தது.

கமலாத்தாள் படத்தை எடுத்துக் கொடுத்து, டீச்சர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். விரல், வால், விலா, தொண்டை, நிழல். சரஸ்வதியம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குப் படத்தைத் திருப்பினார். நாங்கள் கேட்காததையெல்லாம் கேட்டார். அந்த டீச்சர் உங்களுக்கு உறவா? நிழல் எந்தப் பக்கம்? இது கீழே இறங்கினால் மனுசர் மேல் உட்காருமா? கடைசியில் பின்பக்கத்து மலையாள எழுத்தை மகனைப் படிக்கச் சொன்னார். அவன் ஓந்து என்று படித்தபோது எனக்குப் பகீர் என்றது. அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"பல்லியில்ல" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதே கண்ணு. எம்பெரிய மவனுக்குப் பழனாத்தாள்னு ஒருத்தியக் கட்டி வெச்சேன். ஒரு நா ஆலையில நின்னவ உச்சியில பல்லி விழுந்துச்சு. எல்லாரும் சிரிச்சோம், நானும் சிரிச்சேன். புள்ளப் பேத்துல போயிட்டா, புள்ளயும் போயிருச்சு. அதுக்கப்பறம் எனக்குப் பல்லின்னா ஒடம்பு பதறுது. என்ன பண்ணட்டும் சொல்லு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கமலாத்தாளும் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சரஸ்வதியம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் வாயெல்லாம் பல். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் மோரை எடுத்துக் குடித்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும்" என்றாள் கமலாத்தாள். சரஸ்வதியம்மாளைத்தான் பார்த்துக் கேட்டாள். "இது பல்லியாவே இருந்திருந்தா?"

அவர் யோசிக்காமல் சொன்னார். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் கண்ணு. பொய் சொல்லக் கூடாது."

"நீங்க சொல்றது எனக்கு வெளங்குதுங்க" என்றாள். பிறகு மாரப்பன் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

அவன் சிரித்தான். நல்ல சிரிப்புதான், கள்ளமில்லாத சிரிப்பு. "அதான் பல்லியில்லைன்னு ஆயிப் போச்சேங்க. அப்பறம் என்ன?"

"ஆயிப் போச்சுங்க. ஆகாம இருந்திருந்தா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். கையில் ஒட்டியிருந்த பாகைப் பார்த்தான். மறுபடியும் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதாவது சொல்லித் தொலையடா என்று எனக்குள்ளே கத்தினேன். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். எத்தனை நாளாக இவள் சுவர் சுவராக நடந்தாளோ, அத்தனை நாளும் இவன் இங்கே வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறான், பலன் எப்படி வருகிறதோ பார்க்கலாம் என்று. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கமலாத்தாள் படத்தை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டாள். சரஸ்வதியம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு இது சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினாள். என் வீட்டுக்காரர் கையில் வெல்லத்தோடு அப்படியே நின்றார். சரஸ்வதியம்மாள் மகனைத்தான் ஒரு பார்வை பார்த்தார்.

பஸ் சின்னாறு தாண்டும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முடியவில்லை. வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி வைதேன். உனக்கு என்ன கொழுப்பு, எத்தனை அலைச்சல், எத்தனை பேர் காலில் விழுந்தோம், பல்லி இல்லை என்று ஊரைக் கூட்டி நிரூபித்துவிட்டு, கையில் வந்ததைக் கொட்டிவிட்டு வருகிறாயே, இதற்குப் பல்லி என்றே விட்டிருக்கலாமே என்றேன்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"பல்லின்னு உட்டிருந்தா அவங்க என்னைய வேண்டாம்னு சொன்னதா ஆயிருக்கும் நங்கெ. பல்லி இல்லைன்னு ஆனதுனாலதான் நான் வேண்டாம்னு சொல்ல முடிஞ்சுது."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. உடுமலை வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள், நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.